அன்னப்பறவை இல்லாத அரண்மனைகள்

ஊர் சுற்றிக் காட்டும் தொழிலில், கூட்டிக்கொண்டு போனவரைத் தவிர மற்ற எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள். சொந்தக்காரர்கள் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு நாளாவது எங்கேயாவது கிளம்பியிருக்கும் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாதி வழியில் ஒருவருக்குத் தண்ணீர் வேண்டும், ஒருவருக்கு வெற்றிலை வேண்டும், ஒருவர் வீட்டைப் பூட்டினோமா என்று யோசிக்க ஆரம்பிப்பார். அந்த வேதனையை நீங்கள் வருஷத்துக்கு ஒருமுறை பட்டிருப்பீர்கள். நான் வாரம் தவறாமல் பட்டேன்.

ஐம்பதுகளின் கடைசியில் சிவகாசியில் ஒரு பஸ் கம்பெனியில் எனக்கு டூர் குமாஸ்தா வேலை. அதற்கு முன்பு அதே கம்பெனியில் கண்டக்டராக இருந்தேன். ஓடுகிற பஸ்ஸில் நின்றால் எனக்குத் தலை சுற்றும், வயிறு புரட்டும். நான் டிக்கெட் கிழிப்பதற்கு முன்பே பயணிகள் என் கையில் எலுமிச்சம்பழத்தைத் திணித்துவிடுவார்கள். முன் சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தபடி போனால் மட்டும் ஒன்றும் ஆகாது. ஆகவே உட்கார்ந்து செய்யும் வேலை எனக்கு அந்தஸ்து அல்ல, மருந்து.

முதலாளியின் பை

அரண்மனை யோசனை ஒரு பட்டாசு ஆலையிலிருந்து வந்தது. வெடிக்குக் குழாய் சுருட்டுவதற்காக எங்கள் ஊருக்கு லோடு லோடாகப் பழைய காகிதம் வரும். அதில் கிடந்த ஓர் ஆங்கிலப் புத்தகத்தை எம். புதுப்பட்டி ஆலையின் ஃபோர்மேன் காளியப்பன் எனக்காக எடுத்து வைத்திருந்தார். தலைநகரத்தில் தங்கியிருப்பவர்கள் காலையில் கிளம்பி, சுற்றுப்பக்கம் உள்ள ராஜாக்களின் அரண்மனை, கோட்டைகளைப் பார்த்துவிட்டு, அன்றைக்கே திரும்புவது எப்படி என்று சொல்லும் புத்தகம். எந்த ரயிலில் ஏறுவது, எந்தத் தோட்டத்தில் உட்கார்ந்து தேநீர் குடிப்பது என்று எல்லாம் இருந்தது. திரும்பி வருவது எப்படி என்ற பக்கங்கள் மட்டும் ஏற்கெனவே வெடியாகிவிட்டன. எங்கள் ஊர் தலைநகரம் இல்லைதான். தீபாவளிக்காவது தலைநகரம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு திட்டம் போட்டேன்.

முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே சுற்றுலா இருக்கன்குடி மாரியம்மன் கோயில். கண்ணை மூடிக்கொண்டு பஸ்ஸை அனுப்பினாலும் நிறைந்து போய் நிறைந்து வரும். இருந்தாலும் நான் கெஞ்சியதில் மனமிரங்கினார். என் நாற்காலிக்கு எதிரே சுவரில் ஓர் ஆணி அடித்து, என்னுடைய பழைய கண்டக்டர் தோல் பையை அதில் மாட்டினார். பிறகு சொன்னார்: "கோயில்னா சனம் கூப்பிடாமலே வரும். அரமனையில என்ன மொட்டையா போடுறாக? பஸ்ஸு எப்பப் பாதிச் சீட்டு காலியாப் போகுதோ, அன்னிக்கு இந்தப் பை உன் தோளுக்கு வந்துரும். நல்லாப் பாத்துக்க."

அரண்மனையில் வாய்தா

முதல் பயணம் மதுரை திருமலை நாயக்கர் மகால். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டமாக இருக்கும், வாரநாளில் போவதே உத்தமம் என்று புத்தகம் சொன்னது. வாரநாளில் சிவகாசியில் ஆலைகள் ஓடும் என்பது அந்தப் புத்தகத்துக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடைசியில் ஆமத்தூர்ப் பக்கத்துச் சம்சாரிகளை, அதாவது விவசாயிகளை, வீடு வீடாகப் போய் அழைத்து, பாதிச் சீட்டுக்கு மேல் ஒரே ஒரு தலை அதிகம் வரும்படி எப்படியோ நிரப்பினேன்.

மகாலுக்குள் அப்போது கோர்ட்டு நடந்துகொண்டிருந்தது. கறுப்புக் கோட்டுகளுக்கு நடுவே நான் தூண்களின் பெருமையைச் சொல்லிக்கொண்டே போய்த் திரும்பிப் பார்த்தால், பின்னால் ஒருவரும் இல்லை. அத்தனை சம்சாரிகளும் வரப்புத் தகராறு வழக்கு ஒன்று நடந்த இடத்தில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். கிணற்றுக்குப் போகும் பாதை யாருக்கு என்பது வழக்கு. வாதி சொன்னதற்கு ஒரு பக்கம் தலையாட்டினார்கள், பிரதிவாதி சொன்னதற்கு மறு பக்கம். கோயிலுக்கு வாருங்கள், தெப்பக்குளம் பார்க்கலாம் என்று நான் காதில் சொல்லிப் பார்த்தேன். சத்தம் போடாதே என்று கோர்ட்டுச் சேவகரான டவாலி என்னைத்தான் வெளியே அனுப்பினார்.

சாயங்காலம் வழக்கு ஒத்தி வைக்கப்பட்ட பிறகுதான் எழுந்தார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் இடைவேளையில் மகாலையும் பார்த்திருந்தார். தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்து, கொத்தமல்லி மூட்டையும் பருத்தி மூட்டையும் இங்கே அடுக்கினால் ஒரு பொட்டு மழை படாது, இதைப் போய் வீடாகக் கட்டியிருக்கிறாரே என்று ராஜாவுக்காக வருத்தப்பட்டார். மற்றவர்களுக்கு அந்த வருத்தம்கூட இல்லை. பஸ்ஸில் ஏறும்போது மூத்த சம்சாரி என் கையைப் பிடித்துக்கொண்டார்: "நல்ல டூருய்யா! அந்தக் கெணத்துக் கேசுக்கு அடுத்த வாய்தா என்னிக்குன்னு கேட்டு வச்சுக்கோங்க. அன்னிக்கு ஒரு டிரிப்பு போட்டீகன்னா நாங்க அம்புட்டுப் பேரும் வந்துருவோம்."

லேபிளில் இருந்தது

கிணற்று வழக்கை நம்பி நாற்காலியைக் காப்பாற்ற முடியாது. ஆலைத் தொழிலாளர்களை வரவழைக்க வேண்டும். அப்போதுதான் எனக்கு அந்த லேபிள் கண்ணில் பட்டது.

எங்கள் பக்கத்தில் 'அரமனை மார்க்' என்று ஒரு தீப்பெட்டி இருந்தது. அதன் லேபிளைப் பெட்டிகளில் ஒட்டாத தெரு கிடையாது. படத்தில் ஒரு வெள்ளை அரண்மனை, பருத்த தூண்கள், முன்னால் ஒரு குளம், குளத்தில் கழுத்தை வளைத்த ஓர் அன்னப்பறவை, கரையில் தோகையைத் தொங்கவிட்ட ஒரு மயில். தூண்களைப் பார்த்தேன், சந்தேகமே இல்லை, மதுரை மகால்தான். 'நீங்கள் தினமும் ஒட்டும் அரண்மனையை நேரில் காண வாருங்கள், ஞாயிறு தோறும்' என்று பலகை எழுதி பஸ் ஸ்டாண்டில் வைத்தேன். மறு ஞாயிற்றுக்கிழமை பஸ் நிறைந்தது. டிரைவர் செல்லையா தன் துண்டைப் போட்டு வைத்திருந்த இடத்தில்கூட ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

அந்த அம்மாள்தான் பேச்சியக்கா. ஒரு தீப்பெட்டி ஆலையில் லேபிள் ஒட்டும் பெண்களுக்கெல்லாம் தலைவி. மடியில் ஒரு புது லேபிளை மடிக்காமல் கொண்டுவந்திருந்தார். மகால் வாசலில் நின்று லேபிளை ஒரு கண்ணாலும் மகாலை ஒரு கண்ணாலும் பார்த்தார். தூண் சரி என்றார். பிறகு குளம் எங்கே என்றார். அன்னம் எங்கே என்றார். மயிலாவது இருக்கிறதா என்றார். புறாக்கள் இருந்தன, அவற்றைக் காட்டினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு லேபிள் நன்றாக விற்றால், அடுத்த தெருக் கம்பெனி அதைப் பார்த்து அதே மாதிரி ஒன்று போடும். இரண்டு கிளி இருந்தால் இவர்கள் மூன்று கிளி போடுவார்கள். யானை இடது காலைத் தூக்கியிருந்தால் வலது காலைத் தூக்குவார்கள். ஏதாவது ஒன்றை மாற்றிவிட்டால் கேஸ் நிற்காது என்பது நம்பிக்கை. ஆகவே லேபிள் ஒட்டும் எவருக்கும் அசல் எது, டூப்ளிகேட் எது என்று பார்த்தவுடன் தெரியும். பேச்சியக்காவுக்கு அரண்மனையிலும் தெரிந்துவிட்டது.

மறுநாள் அவர் பத்துப் பெண்களோடு எங்கள் ஆபீசுக்குள் நுழைந்தபோது, முதலாளி என்னைப் பார்த்தார், பிறகு பையைப் பார்த்தார். நான் எழுந்தே நின்றுவிட்டேன். பேச்சியக்கா முதலாளியிடம் நேராகச் சொன்னார்: "மொதலாளி, உங்க குமாஸ்தாத் தம்பி எங்களுக்குக் காட்டினது டூப்ளிகேட் அரமனை. குளம் இல்லை, அன்னம் இல்லை. அசலு வேற எங்கனயோதான் இருக்கு. அதைக் கண்டுபிடிச்சுக் காட்டச் சொல்லுங்க. காட்டுற வரைக்கும் நாங்க ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்துக்கிட்டேதான் இருப்போம்."

ஊட்டுப்புரையில் பந்தி

அன்றிலிருந்து என் நிலைமை விநோதமானது. அசல் அரண்மனையைத் தேடுவது என் கடமை. அது கிடைத்துவிட்டால் பஸ் காலி, பை என் தோளில். உலகத்தில் இப்படிக் கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே தேடிய ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அடுத்துப் பத்மநாபபுரம் போனோம். அங்கே போய் ஒரே நாளில் திரும்ப வேண்டுமானால், கோழி கூவுவதற்கு முன்பே சிவகாசியை விட்டுக் கிளம்ப வேண்டும். கட்டிக்கொண்டு போன புளியோதரை கோவில்பட்டி தாண்டுவதற்குள் தீர்ந்துவிட்டது. அரண்மனை வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே கண்ணாடி மாதிரி வழவழவென்று கறுப்புத் தரை. தேங்காய்ச் சிரட்டைக் கரியும் முட்டையும் இன்னும் என்னென்னவோ சேர்த்து மெழுகியது என்று வழிகாட்டி சொன்னார். காளியப்பன் குனிந்து தரையை முகர்ந்து பார்த்து, கரி நல்ல கரிதான், கந்தகம் சேரவில்லை, பயமில்லாமல் நடக்கலாம் என்று எல்லோருக்கும் அனுமதி கொடுத்தார்.

பிறகு ஊட்டுப்புரை என்ற நீண்ட கூடத்துக்குப் போனோம். இங்கே ராஜா தினமும் ஆயிரக்கணக்கான பேருக்குச் சாப்பாடு போட்டார் என்று வழிகாட்டி பெருமையாகச் சொன்னார். ஊறுகாய் வைத்த பெரிய பெரிய ஜாடிகளைக் காட்ட அவரும் நானும் முன்னால் போனோம். திரும்பி வந்து பார்த்தால், பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் இரண்டு வரிசையாக எதிர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இலை போட்டுத் தண்ணீர் தெளிக்க இடம் விட்டிருந்தார்கள். வழிகாட்டிக்குத் தமிழ் மறந்து போனது, மலையாளமும் உடனே வரவில்லை. சாப்பாடு போட்டது அந்தக் காலத்தில், ராஜாவே இப்போது இல்லை என்று நான்தான் ஒவ்வொருவர் காதிலும் சொல்லிக்கொண்டு போனேன். வெளியே ஒரு குளம் இருந்தது, அதில் வாத்துகள் இருந்தன என்பதெல்லாம் அன்றைக்கு எடுபடவில்லை. பேச்சியக்கா மெதுவாக எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார்: "சோறு நின்னு போச்சுன்னா வாசல்லயே போர்டு எழுதிப் போடணுமா இல்லையா? செருப்பைக் கழத்தும்போதே சொல்லியிருந்தா வயித்துக்கு ஒரு வார்த்தை சொல்லி வச்சிருப்போம்ல, தம்பி."

குளித்துக்கொண்டிருந்த ராஜா

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன ஜமீன் அரண்மனைக்குப் போனோம். எந்த ஜமீன் என்று சொல்ல மாட்டேன், அதன் ஜமீன்தார் மிகவும் நல்லவர். ஜமீன் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. காம்பவுண்டுச் சுவரில் ஆட்டுக்கு வழி இருந்தது. உள்ளே வராந்தாவில் பனியனும் நாலு முழ வேட்டியுமாக ஒருவர் உட்கார்ந்து வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து வந்து எல்லோருக்கும் பானைத் தண்ணீர் மொண்டு கொடுத்தார், கடலையும் கொடுத்தார். தோட்டத்தில் ஒரு நிஜ மயில் நின்றது. பேச்சியக்கா லேபிளை எடுத்துவிட்டார். நான் குளத்தைத் தேடினேன். நல்ல வேளையாகக் குளம் வற்றிக் கிடந்தது.

"ஏன்யா, ராசா எந்த ரூம்ல இருக்காக?" என்று பேச்சியக்கா அவரிடமே கேட்டார். அவர் ஒரு கணம் பனியனைப் பார்த்துக்கொண்டார். "குளிச்சிட்டு இருக்காக. இந்தா வந்துருவாக" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரம் பெட்டி திறக்கிற சத்தமும், யாரையோ அவசரமாக அழைக்கிற சத்தமும் கேட்டன. பிறகு சரிகைத் தலைப்பாகை, பூச்சி அரித்த வெல்வெட் கோட்டு, இடுப்பில் கத்தி என்று ராஜா வெளியே வந்தார். மீசையில் ஒரு கடலைத் தோல் ஒட்டியிருந்தது. எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவர் கை உயர்த்தி ஆசீர்வாதம் செய்தார், கோட்டின் அக்குள் பிரிந்த சத்தத்தை யாரும் கேட்காத மாதிரி இருந்தோம். பேச்சியக்கா முன்னால் போய்ப் பணிவாகச் சொன்னார்: "மகராசா, நீங்க வர்ற வரைக்கும் உங்க வாச்மேன் எங்களைத் தங்கமாப் பாத்துக்கிட்டாரு. அவருக்குச் சம்பளத்தைக் கூட்டிப் போடுங்க."

ஒரு நேரத்தில் நாலு பேர்

திண்டுக்கல் மலைக்கோட்டையில் எனக்கு எந்தக் கவலையும் இல்லை. பாறைமேல் குளமும் அன்னமும் இருக்க முடியாது. மேலே போய்க் காற்று வாங்கிவிட்டு, மாலைக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கோட்டையில் பழைய வெடிமருந்துக் கிடங்கு ஒன்று உண்டு என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

கிடங்கு என்று கேட்டதும் காளியப்பன் நின்றுவிட்டார். அவர் நின்றதும் பட்டாசு ஆலை ஆட்கள் எல்லோரும் நின்றார்கள். அவர் வாசலில் ஏறி நின்று கையை நீட்டினார். பேசாமல் அவரவர் மடியிலிருந்து பீடியையும் தீப்பெட்டியையும் எடுத்து அதில் வைத்தார்கள். செருப்பைக் கழற்றினார்கள். பிறகு ஆலையில் ஓர் அறைக்குள் விடுவது போல நாலு நாலு பேராக உள்ளே விட ஆரம்பித்தார். நாலு பேர் வெளியே வந்து எண்ணிக்கை சரியான பிறகுதான் அடுத்த நாலு பேர். உள்ளே யாரும் உரக்கப் பேசக் கூடாது, காலைத் தேய்த்து நடக்கக் கூடாது. வேறு ஊர்களிலிருந்து வந்திருந்த கூட்டமும் இதுதான் இங்கே முறை போலிருக்கிறது என்று வரிசையில் சேர்ந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில் கோட்டைக் காவலாளியே தன் பீடிக் கட்டைக் கொண்டுவந்து காளியப்பனிடம் ஒப்படைத்தார்.

வரிசை முடியவில்லை, பொழுது சாய்ந்தது. மேலே இருந்த கோயிலையோ பீரங்கியையோ எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. "அண்ணே, இது காலியாகி எத்தனையோ தலைமுறை ஆச்சு. உள்ள வவ்வால்தான் இருக்கு" என்று நான் கெஞ்சினேன். காளியப்பன் கையிலிருந்த தீப்பெட்டிகளைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்: "காலிங்கிறது நீங்க சொல்றது. மருந்து எங்கயாவது அப்படிச் சொல்லியிருக்கா? இரட்டைச் சுவரு வச்சு, காத்துப் போக ஓட்டை வச்சு, ஒருத்தன் பாத்துப் பாத்துக் கட்டியிருக்கான். அவன் மரியாதைக்காவது நாலு பேராப் போங்க, தம்பி."

ஆர்ட்டிஸ்ட் ஏறினார்

எதற்கும் ஓர் எல்லை உண்டு. தூண் இருந்த இடத்தில் குளம் இல்லை, குளம் இருந்த இடத்தில் வாத்து, மயில் இருந்த இடத்தில் தண்ணீர் இல்லை. ஜனங்களுக்கு அலுத்துவிட்டது. சீட்டுகள் குறைய ஆரம்பித்தன. முதலாளி பைக்கு எண்ணெய் போட்டுத் துடைத்தார். ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எட்டயபுரத்துக்கு என்று போட்டிருந்த பயணத்தில் அவரே பையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் வந்து உட்கார்ந்தார். முன் சீட்டு என்னுடையது. நான் பின்னால் நின்றேன், எலுமிச்சம்பழத்தோடு. எண்ணிப் பார்த்தால் சரியாகப் பாதிச் சீட்டுதான் நிறைந்திருந்தது. பாதிக்கு மேல் ஒரு தலை வேண்டும்.

பஸ் கிளம்புகிற சமயத்தில் பேச்சியக்கா ஒரு மெலிந்த மனிதரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி வந்தார். விரல் நுனியெல்லாம் சிவப்பும் பச்சையும் நீலமுமாக மை. லித்தோ பிரஸ்ஸில் லேபிள் வரையும் ஆர்ட்டிஸ்ட். எந்த லேபிளை யார் வரைந்தார் என்று கம்பெனிக்காரர்கள் வெளியே சொல்லவே மாட்டார்கள். சொன்னால் அடுத்த கம்பெனி கூட்டிக்கொண்டு போய்விடும். பேச்சியக்கா எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். "இவருதான் நம்ம அரமனையை எழுதினவரு. இன்னிக்கு அம்புட்டும் வெளிய வந்துரும்" என்றார். பாதிக்கு மேல் ஒரு தலை கிடைத்தது. ஆனால் இந்தத் தலை வாயைத் திறந்தால் எல்லாம் முடிந்தது. நான் அவர் பக்கத்தில் போய் நின்று, முதலில் முறுக்கு கொடுத்தேன். பிறகு கடலை மிட்டாய் கொடுத்தேன். வாயில் ஏதாவது இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது என் திட்டம். சாத்தூர் வந்தபோது என்னிடம் தின்பண்டம் தீர்ந்துவிட்டது. எலுமிச்சம்பழத்தை நீட்டினேன், அவர் வேண்டாம் என்றார்.

"சொல்லுங்க. அந்த அரமனை எந்த ஊர்ல இருக்கு?" என்றார் பேச்சியக்கா. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். செல்லையாகூட வேகத்தைக் குறைத்தார். ஆர்ட்டிஸ்ட் கடைசி மிட்டாயை விழுங்கிவிட்டுக் கூச்சத்தோடு சொன்னார்: "நான் சிவகாசியைத் தாண்டி எங்க போயிருக்கேன், அக்கா? ஒரு நாடகக் கம்பெனி வந்துச்சு. தர்பார் சீனுக்கு ஒரு படுதா தொங்க விட்டிருந்தாங்க. அதைப் பாத்துத்தான் எழுதினேன். அந்தக் கம்பெனி இப்ப இருக்கன்குடித் திருவிழாவுக்குத்தான் வந்திருக்காம்."

படுதா

இருக்கன்குடி என்று காதில் விழுந்ததும் முதலாளி உட்கார்ந்த இடத்திலேயே கால் அடி உயர்ந்தார். சாத்தூரிலிருந்து அது கூப்பிடு தூரம். யாரும் சொல்லாமலே செல்லையா ஸ்டியரிங்கைத் திருப்பினார்.

நாடகக்காரர்கள் பகல் தூக்கத்தில் இருந்தார்கள். படுதா சுருட்டி ஒரு மாட்டு வண்டிக்கு அடியில் கிடந்தது. சிவகாசியிலிருந்து பஸ் பிடித்து ஒரு கூட்டம் தங்கள் படுதாவைப் பார்க்க வந்திருக்கிறது என்று சொன்னபோது மேனேஜர் முதலில் நம்பவில்லை. நம்பியதும் அழுதுவிடுவார் போல ஆனார். இரண்டு வேப்ப மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி, நாலு பேர் பிடித்து அதை விரித்தார்கள். வெள்ளை அரண்மனை, பருத்த தூண்கள், குளம், குளத்தில் கழுத்தை வளைத்த அன்னப்பறவை. காற்றடித்ததும் அரண்மனை மெல்ல அசைந்தது. எங்கள் ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மதுரை மகாலுக்கு அவர்கள் அப்படிச் செய்யவில்லை.

பேச்சியக்கா லேபிளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் போனார். தூண் சரி, குளம் சரி, அன்னம் சரி. பிறகு நெற்றியைச் சுருக்கினார். படுதாவின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நடந்தார். பின்பக்கம் போய்க்கூடப் பார்த்தார். "மயிலைக் காணோமே" என்றார். எல்லோரும் ஆர்ட்டிஸ்டைப் பார்த்தோம். அவர் தலையைச் சொறிந்தார்: "மயிலு நான் சேத்தது, அக்கா. அப்படியே எழுதினா டூப்ளிகேட்னு நாடகக் கம்பெனிக்காரன் கேஸ் போட்டுருவான்ல?"

பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் ஒரே சமயத்தில் தலையை ஆட்டினார்கள். இதைவிட நியாயமான பதில் அவர்களுக்கு இருக்க முடியாது. பேச்சியக்கா லேபிளை மடித்து மடியில் வைத்துக்கொண்டார், தேடல் முடிந்தது. நான் முதலாளி பக்கம் நடந்தேன். பை திறந்து கிடந்தது. தோளைக் கொஞ்சம் சாய்த்துக் காட்டினேன். அந்தச் சமயத்தில் காளியப்பன் குறுக்கே வந்து, இடுப்பிலிருந்து வேறொரு தீப்பெட்டி லேபிளை எடுத்து நீட்டினார். அதில் ஒரு மலை, மலைமேல் ஒரு கோட்டை, கோட்டை வாசலில் இரண்டு புலிகள். "அக்கா அரமனை கெடைச்சிருச்சு. எங்க தெருவுல நாங்க ஒட்டுற கோட்டை எங்கன இருக்கு?" என்றார். உடனே பின்னாலிருந்து ஒருவர் தாமரைக் குளத்து மண்டபத்தை எடுத்தார். இன்னொருவர் ஏழு வாசல் கோபுரத்தை எடுத்தார். ஆர்ட்டிஸ்ட் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கப் போனார். நான் பாய்ந்து எலுமிச்சம்பழத்தை அதில் வைத்தேன்.

முதலாளி அந்த லேபிள்களை ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்தார், கோயில் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டார், பிறகு பையை என்னிடம் நீட்டினார்: "இந்தா, நீயே வச்சுக்க. இனிமே தேடப் போற கோட்டைக்கெல்லாம் எலுமிச்சம்பழம் கொண்டுபோகப் பை வேணுமா இல்லையா? போய் முன்னால உக்காரு."

எத்தனையோ ராஜாக்கள் கட்டிய எத்தனையோ அரண்மனைகளுக்கு நான் ஜனங்களைக் கூட்டிப் போயிருக்கிறேன், ஆனால் போனவர்கள் ஒரு குறையும் சொல்லாமல் திரும்பியது, பார்த்து முடித்ததும் சுருட்டி வண்டிக்கு அடியில் போட முடிந்த அந்த ஒரே அரண்மனையிலிருந்துதான்.